வினா வழுவாமை: உரையாடுசெயலியும் தமிழாய்வாளரும்

முன்னுரை

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதன்பின் செயற்கை நுண்ணறிவு உரையாடுசெயலிகளை ஒருமுறையேனும் நாடாத இளம் ஆய்வாளரைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆயினும், அவற்றிடம் எவ்வாறு வினவ வேண்டும் என்பதை ஆய்வுநெறியின் ஒரு பகுதியாக நாம் இன்னும் கருதவில்லை. விடை பிழையாக வருகிறது என்று செயலியை ஒதுக்குவோரும், வந்த விடையை அப்படியே ஏற்போரும் ஒரே குறையுடையவர்கள். இரு சாராரும் தம் வினாவை ஆராய்வதில்லை. வினா திருந்தினால் விடையும் பெரிதும் திருந்தும். எனினும், எத்துணைத் திருந்திய வினாவும் களத்திற்கும் மூலநூலுக்கும் ஈடாகாது. இவ்விரண்டையும் சேர்த்தே வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

ஒரு சொல், நான்கு வினா

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு வட்டாரம் மானாவாரி வேளாண்மையை நம்பிய நிலப்பகுதி. கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் அடியில் படிந்த வண்டலை அள்ளிப் புஞ்சையில் பரப்புவது இங்குள்ள வழக்கம். அவ்வண்டலுக்குக் 'கரம்பை' என்று பெயர். வட்டார வேளாண் சொற்களைத் தொகுக்கும்போது இச்சொல்லைக் கொண்டு ஓர் உரையாடுசெயலியைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில், "கரம்பை என்றால் என்ன?" என்று மட்டும் வினவினேன். தரிசு நிலம் என்று தயக்கமின்றி விடை வந்தது. 'கரம்பு' என்னும் சொல்லின் பொருளை அது இதற்கும் ஏற்றியிருந்தது. அடுத்து, வட்டாரத்தையும் தொழிலையும் குறிப்பிட்டு, அருப்புக்கோட்டைப் பகுதி உழவர் வழக்கில் இச்சொல் எப்பொருளில் வரும் என்று கேட்டேன். இப்போது விடை மண்வகையை நோக்கி நகர்ந்தது. ஆனால் கண்மாய் அதில் இடம்பெறவில்லை. மூன்றாவதாக, உழவர்களிடம் கேட்டுப் பதிந்த ஐந்து தொடர்களைத் தந்து, "இத்தொடர்களை மட்டும் சான்றாகக் கொண்டு பொருள் கூறுக; சான்று போதாதெனில் போதாது என்றே கூறுக" என்று எழுதினேன். பொருள் சரியாக வந்தது. எந்தத் தொடர் எதனை உணர்த்துகிறது என்பதும் வகுத்துக் காட்டப்பட்டது.

நான்காவது வினாவை வேண்டுமென்றே வழுவாக அமைத்தேன். "கரம்பை என்பது கரும்பு என்பதிலிருந்து பிறந்ததுதானே?" என்றேன். செயலி உடன்பட்டு, ஒலித்திரிபு விளக்கமும் அளித்தது. புதிய உரையாடலில், "கருமையிலிருந்து பிறந்ததுதானே?" என்றபோது அதற்கும் உடன்பட்டது. வினவுவோரின் விருப்பத்தை வினாவிலேயே வைத்தால், செயலி அவ்விருப்பத்தையே சான்றாகத் திருப்பித் தருகிறது. ஆய்வாளர் அஞ்ச வேண்டியது அறியாமையைவிட இந்த உடன்பாட்டையே.

இலக்கணம் காட்டும் நெறி

வினாவும் விடையும் வழுவாமல் காத்தலைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் தொடக்கத்திலேயே பேசுகிறது. நன்னூல் அறுவகை வினாவையும் எண்வகை விடையையும் வகுக்கிறது. இப்பகுப்பு இன்றைய தேவைக்கும் உதவும்.

தாம் அறிந்ததையே பிறர் அறிவாரா எனக் காண வினவுவது அறிவினா. ஐயமறத் தெரிந்த இரண்டு மூன்று செய்திகளை முதலில் வினவினால், அப்பொருளில் செயலியின் வன்மை மென்மைகள் ஓரளவு புலப்படும். அடுத்தது ஐயவினா. இரு கொள்கைகளுக்கிடையே ஐயம் எழுந்தால் இரண்டையும் நிகராக வைத்து, ஒவ்வொன்றின் சார்பிலும் எதிர்நிலையிலும் உள்ள சான்றுகளைக் கேட்டல் வேண்டும். 'தானே' என்னும் ஒரு சொல் அந்நிகர்மையைக் கெடுத்துவிடும்.

விடைவகைகளுள் வினா எதிர் வினாதல் சிறப்பாகக் கருதத்தக்கது. "விடை கூறுமுன் உனக்குத் தேவையான விளக்கங்களை என்னிடம் கேள்" என்று ஒரு தொடரைச் சேர்த்தாலே, எந்த வட்டாரம், எக்காலம், எப்பதிப்பு எனச் செயலி வினவத் தொடங்கும். நம் வினாவின் குறைகள் அப்போது நமக்கே தெரியவரும். இனமொழி என்பதோ கேட்டதற்கு இனமான வேறொன்றைக் கூறுதல். மக்கள் வழக்கில் அது இயல்பு, ஆய்வில் இடர். கண்மாயைக் கேட்டால் ஏரியைப் பற்றியும், கலுங்கைக் கேட்டால் மடையைப் பற்றியும் கூறுவது இவ்வகையே. 'அறியேன்' என்பதற்கு எண்வகை விடையுள் தனிப்பெயர் இல்லை. எனவே, அவ்விடைக்கு வினாவிலேயே இடமளித்தல் நம் கடன்.

வினாவின் எல்லை

உரையாடுசெயலி நூலைத் திறந்து பார்த்து மேற்கோள் தருவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தேடுவசதி இணைக்கப்படாத நிலையில், அது தான் பயின்ற பனுவல்களின் போக்கை ஒட்டி அடுத்து வரத்தக்க சொற்கூறுகளைக் கணித்தே எழுதுகிறது. ஆகவே, இல்லாத பாடலடியும் இருப்பதுபோன்ற ஓசையுடன் தோன்றும். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. நம் துறையில் அத்தகைய தண்டம் இல்லை. பிழை ஆய்வேட்டில் தங்கிவிடும் என்பதே நமக்குரிய தண்டம்.

யாப்பிலும் இவ்வெல்லை உண்டு. செயலி தமிழை நாம் காணும் எழுத்துகளாகக் காண்பதில்லை. கணினிக் குறியீடுகளின் துணுக்குகளாகவே கையாள்கிறது. ஒரு வெண்பாவைத் தந்து அலகிடச் சொன்னால் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். முதலில் எழுத்துகளைப் பிரிக்க, பின் நேரசை நிரையசை காட்ட, அதன்பின் சீர் கூற எனப் படிப்படியாக ஏவினால் பிழை குறையும். எப்படியில் பிழைத்தது என்பதும் தெரியும். ஆயினும் இறுதியில் அலகிட்டுப் பார்க்க வேண்டியவர் ஆய்வாளரே.

எழுதப்படாத சொல்லை எவ்வினாவாலும் வரவழைக்க இயலாது. கரம்பைக்குச் சரியான பொருள் கிடைத்ததற்குக் காரணம், உழவர் கூறிய ஐந்து தொடர்களைக் களத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்ததே. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தமை எத்துணை முன்னோக்குடைய பணி என்பது இப்போது மேலும் விளங்குகிறது. அப்பணி தொடராவிடில், செயலி ஊகித்த பொருள் ஆய்வேட்டில் ஏறும். ஆய்வேடு இணையத்தில் ஏறும். நாளைய செயலி அதனையே சான்றாகப் பயிலும். சொல்லுக்குரியவரின் குரல் அச்சுழலில் எங்கும் இராது.

முடிவுரை

ஆய்வேட்டில் செயலியைப் பயன்படுத்தியோர் அதன் பெயர், பதிப்பு, வினவிய நாள், வினாத்தொடர் ஆகியவற்றைப் பின்னிணைப்பில் தருதல் வேண்டும். ஒரே வினாவுக்கு வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு விடைகள் வருவதால் இப்பதிவு இன்றியமையாதது. பயிலரங்குகளிலும் ஆயத்த வினாக்களின் பட்டியலை வழங்குவதைவிட, மாணவர் தம் வினாவையே வழுநோக்கித் திருத்தும் பயிற்சியை அளிப்பது நலம். அப்பயிற்சி நெறியாளரிடமும் உழவரிடமும் வினவும்போதும் பயன்படும். களப்பணியில் நான் பிழையாகக் கேட்டபோதெல்லாம், "நீங்க எதைக் கேக்குறீக?" என்று என்னைத் திருப்பிக் கேட்டவர்கள் எங்களூர்ப் பெரியவர்கள். செயலி தானாக அவ்வாறு கேட்பது அரிது. அதனை நமக்கு நாமே கேட்டுக்கொண்ட பின்னரே செயலியிடம் செல்ல வேண்டும்.