பெற்றோர் மட்டுமா பொறுப்பு?

ஹைதராபாதில் உப்பல் செல்லும் சாலையில் உள்ள ஹப்சிகுடாவை அறிவியல் பேட்டை என்றே சொல்லிவிடலாம். உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் என்று மத்திய அரசின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அங்கே அமைந்திருக்கின்றன. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் அங்கே ஏராளம். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் பெற்றோர் வீடு வந்து சேருவதற்கும் இடைப்பட்ட நேரம் செல்லிடப்பேசியின் வசம்தான். மரபணுவைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கும் தன் மகன் இணையத்தில் எதைப் பார்க்கிறான் என்பது தெரிவதில்லை. அப்படியிருக்க, சாத்தூரில் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாயிடம், பிள்ளையை நீதான் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 2018-ஆம் ஆண்டிலேயே வந்தது. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள், குழந்தைகள் பார்க்கத் தகாதவற்றைப் பெற்றோரே தடுத்துக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும். அதற்குக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் உத்தரவிட வேண்டும் என்பதே மனுதாரரின் கோரிக்கை. எளிய கோரிக்கைதான். நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வின் தீர்ப்பு வெளியானபோது 2025 டிசம்பர் ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருப்பதைப்போல ஒரு சட்டம் இயற்றுவது குறித்து மத்திய அரசு ஆராயலாம், அதுவரை ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றது அமர்வு. மனு தாக்கலானபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன், தீர்ப்பு வரும்போது பதினேழு வயது இளைஞன்.

பெற்றோரா, அரசா என்ற விவாதத்தில் இருவேறு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. குழந்தைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கிப் படம்பிடித்துப் பரப்புவது குற்றம். அதைப் பார்ப்பவர் பெரியவரா, சிறுவரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எந்தப் பெற்றோராலும் அதைத் தடுக்கவும் முடியாது. அது முழுக்க முழுக்க அரசின் வேலை. பெரியவர்கள் பார்ப்பதில் சட்ட விரோதம் ஏதும் இல்லாத, ஆனால் குழந்தைக்குத் தகாத காட்சிகள் வேறு ரகம். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் பெற்றோர். அதற்கான கருவியை அவர் கையில் கொடுக்கச் செய்ய வேண்டியது அரசு.

முதல் வேலையில் அரசின் வேகம் எப்படி இருந்தது? ஹைதராபாதைச் சேர்ந்த பிரஜ்வலா அமைப்பின் சுனிதா கிருஷ்ணன், கூட்டுப் பாலியல் வன்முறைக் காட்சிகள் வாட்ஸ்அப்பில் பரவுவதைச் சுட்டிக்காட்டி, 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் தாமாக முன்வந்து அதை வழக்காக ஏற்றது. பெயரைக் குறிப்பிடாமல் இணையவழியில் புகார் அளிக்கும் தளத்தை மத்திய உள்துறை தொடங்கியதோ 2018 செப்டம்பரில்தான். தன்னார்வ அமைப்பு ஒன்று கதவைத் தட்டிய பிறகு, மூன்றரை ஆண்டுகள்.

தடை விதிப்பதில் மட்டும் அரசுக்குத் தாமதமே கிடையாது. 2015 ஜூலை 31 அன்று 857 வலைதளங்களை முடக்கத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. 2018-இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கேட்டதும் 827 தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. முடக்கப்பட்ட பெரிய தளம் ஒன்று வேறு முகவரியில் உடனே முளைத்தது. டிக்டாக் செயலிக்கு 2019 ஏப்ரல் 3-இல் மதுரைக் கிளை விதித்த தடை, அதே மாதம் 24-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2020 ஜூனில் அச்செயலி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டதே என்று கேட்கலாம். அது எல்லையில் சீனாவுடன் ஏற்பட்ட மோதலின் விளைவு, குழந்தைகளுக்காக அல்ல. அடுத்த பத்து நாள்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துவிட்டது.

தடையின் உச்சகட்ட வேடிக்கை ராஜ்கோட்டில் நடந்தது. பப்ஜி விளையாடினார்கள் என்பதற்காக 2019 மார்ச்சில் இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. அடுத்த மாதம், ஹப்சிகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மல்காஜ்கிரியில், தேர்வு நேரத்தில் அதே விளையாட்டில் மூழ்கியிருந்த பத்தாம் வகுப்பு மாணவன், வீட்டில் கண்டித்த பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தப் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் அருகதை இல்லை. ஒருபுறம் விலங்கு, மறுபுறம் அதட்டல். இவை இரண்டைத் தவிர வேறு எதையும் நாம் உருவாக்கி வைக்கவில்லையே!

இதனால் பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. சோறு ஊட்டுவதற்காகச் செல்லிடப்பேசியைக் கையில் கொடுத்துப் பழக்கியது அரசு அல்ல. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுப் பிள்ளைக்குச் சமூக ஊடகக் கணக்கு தொடங்கிக் கொடுப்பவர்களும் பெற்றோர்தான்.

இந்தப் பின்னணியில்தான் 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் ரூ. 200 கோடி வரை அபராதம். வரவேற்கத்தக்கதே. ஆனால், குடும்பத்துக்கே ஒரு செல்லிடப்பேசி உள்ள வீட்டில், தந்தையின் ஒப்புதலைக் கேட்கும் குறுஞ்செய்தி மகன் கையில் இருக்கும் கருவிக்குத்தானே வரும்? ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தோருக்குச் சமூக ஊடகக் கணக்கை மறுக்கிறது. தவறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டனை இல்லை. சுமையை நிறுவனத்தின் தலையில் ஏற்றிய அந்த அம்சம்தான் நாம் பின்பற்றத் தக்கது. வயதைச் சரிபார்க்கிறோம் என்று ஒவ்வொரு குடிமகனின் அடையாள அட்டையையும் அந்நிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் நிலை இங்கு வந்துவிடக் கூடாது.

மதுரை மனுதாரர் கேட்டதற்குப் பிரிட்டனில் முன்னுதாரணம் இருக்கிறது. 2013-இல் பிரதமர் டேவிட் கேமரூன் அரசு வற்புறுத்தியதன் பேரில், அந்நாட்டின் நான்கு பெரிய இணைய நிறுவனங்கள், வடிகட்டி வேண்டுமா, வேண்டாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்கத் தொடங்கின. வேண்டாம் என்பவருக்குத் தடையில்லை. பாலியல் கல்வித் தளங்கள் சிலவும் அதில் சிக்கின என்பது உண்மை. எதை வடிகட்டுவது என்ற பட்டியல் பகிரங்கமாகவும், முறையிட இடம் உள்ளதாகவும் இருந்தால் அந்தக் குறையைக் களையலாம்.

சிம் அட்டை வாங்க வருபவரிடம் புகைப்படம், முகவரிச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். இந்த எண்ணைக் குழந்தை பயன்படுத்துமா, வடிகட்டி வேண்டுமா என்று தமிழிலோ தெலுங்கிலோ அதே படிவத்தில் கேட்டால் போதும். சாத்தூர்த் தாய் தலையசைத்தால் கடைக்காரரே அதை இயக்கிக் கொடுத்துவிடலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு விதிகளில் முக்கியமானவற்றைச் செயல்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. இதற்கு அத்தனை காலம் தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையின் ஒரே ஓர் ஆணை போதும். 857 தளங்களை ஒரே ஆணையில் முடக்கிய துறைதானே அது!