மரபணுவில் இருந்தால் வந்தே தீருமா?

“அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், சித்தப்பாவுக்கும் அதே. ரத்தத்தில் வந்ததை யார் மாற்ற முடியும்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே கெட்டிருக்கும் என்ற செய்தி பரவியபின், தலையெழுத்துப் பேச்சுக்கு அறிவியல் முத்திரையும் விழுந்துவிட்டது. கோளாறு பரம்பரையாக வருவது மெய்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் கோளாறு வருவதும் நோய் வருவதும் ஒன்றில்லை.

அமெரிக்காவின் மிச்சிகனில் 1895-இல் தையல் வேலை செய்த ஒரு பெண், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், தன் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் இறந்ததாகவும் தானும் அப்படித்தான் சாகப்போவதாகவும் சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் 1913-இல் வெளியிட்ட அந்தக் குடும்ப வரலாற்றில் இரைப்பைப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயுமே மிகுதி. பிந்தைய தலைமுறைகளிலோ இரைப்பைப் புற்றுநோய் குறைந்து, பெருங்குடல் புற்றுநோய் முன்னுக்கு வந்தது. அமெரிக்கா முழுவதுமே இரைப்பைப் புற்றுநோய் சரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் குடும்பத்தின் கோளாறு எம்.எஸ்.எச்.2 என்ற பழுதுபார்ப்பு மரபணுவில் இருப்பது பின்னால் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக இறங்கிய அதே கோளாறுதான். அது மட்டுமே காரணம் என்றால் இரைப்பை எப்படித் தப்பியது?

இதற்கு ஜப்பானில் 2023-இல் வந்த பெரிய ஆய்வு வெளிச்சம் தருகிறது. 10,000-க்கும் மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகளின் மரபணுக்களை நோயற்ற 38,000 பேருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். ஆபத்தைக் கூட்டும் மரபணுக்களாக ஒன்பது தேறின. அவற்றில் ஏ.டி.எம்., பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2 ஆகிய நான்கும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால் சரிசெய்பவை. அடுத்து, இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியின் தொற்று யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்று மட்டும் இருந்தால் 85 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 14.4 சதவீதம். நான்கில் ஒன்றில் கோளாறும் தொற்றும் சேர்ந்தால் 45.5. கோளாறு இருந்தும் தொற்று இல்லாதவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே.

கோளாறுள்ளவர்கள் எண்ணிக்கையில் சிலரே என்பதால் அந்த 45.5-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. உண்மை அளவு 20-க்கும் 63-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஆனாலும் போக்கு தெளிவு. கிருமி இரைப்பைச் செல்களின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. தைக்க வேண்டிய கை ஊனமாக இருந்தால் அறுந்தது அறுந்தபடி நிற்கும்.

“எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வந்ததே, அது பரம்பரை இல்லையா?” இருக்கலாம். ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. ஒரே குடும்பத்தார் மரபணுவோடு கிருமியையும் பகிர்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்த, தொற்றுள்ள 1,676 பேரைத் தென்கொரியாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிருமிக்கு மருந்து பெற்ற பிரிவில் 1.2 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை பெற்ற பிரிவில் 2.7 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. குடும்ப வரலாறு இரு பிரிவினருக்கும் உண்டு.

எச்சில் மாதிரி வாங்கி, எக்ஸ்.ஆர்.சி.சி.1 போன்ற பழுதுபார்ப்பு மரபணுக்களின் சாதாரண வேறுபாடுகளைக் காட்டி ‘அபாயம்’ என்று அச்சடித்துத் தரும் அறிக்கைகளைப் பற்றி ஒரே வரி: இவை பற்றிய சிறு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, காசைக் கொட்டாதீர்கள்.

மரபணுவே பெரிதும் தீர்மானிக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. சி.டி.எச்.1 மரபணுக் கோளாறுள்ள குடும்பங்களில் நோய் வரும் முன்பே இரைப்பையை அகற்றச் சொல்வதுண்டு. ஆனால் அது பழுதுபார்ப்பு மரபணு அல்ல. செல்களை ஒன்றோடொன்று பிணைப்பது.

குடும்பத்தில் இந்நோய் இருந்தால், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.