ஒரே பாஸ்வேர்டில் ஊரே உள்ளே போகலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், வீட்டில் இருந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அலுவலக சர்வரில் வேலை பார்க்கிறார்கள். சிறிய அலுவலகங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. "ஆபீஸ்" என்று ஒரே ஒரு யூசர் அக்கவுண்ட். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாஸ்வேர்ட். இது சிக்கனம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இல்லாத சிக்கனத்திற்காகத் தொல்லையை வாங்கிக் கொள்கிறார்கள் என்பேன்.

விண்டோஸ் சர்வர், நாம் எதையும் மாற்றாத வரை, ஒரு யூசருக்கு ஒரு செஷன்தான் தரும். நீங்கள் "ஆபீஸ்" என்று நுழைந்து டாலியில் வவுச்சர் போட்டுக் கொண்டிருக்கிறீர்கள். அதே பெயரில் இன்னொருவர் அவர் வீட்டிலிருந்து நுழைந்தால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். அவருக்குக் கிடைப்பது புதிய டெஸ்க்டாப் அல்ல. நீங்கள் பாதியில் விட்ட அதே வவுச்சர், திறந்து வைத்த அதே மெயில்! நீங்கள் மீண்டும் நுழைந்தால் அவர் வெளியே. ஜிஎஸ்டி ரிடர்ன் போடும் நாட்களில் இந்த மியூசிக்கல் சேர் விளையாட்டு தேவைதானா?

சிலர் சர்வர் செட்டிங்கை மாற்றி, ஒரே பெயரில் பல செஷன்கள் இயங்கும்படி செய்துவிடுகிறார்கள். சண்டை தீரும். ஆனால் நாளை ஒரு பைல் காணாமல் போனால், ஈவன்ட் வியூவரில் யூசர் பெயர் "ஆபீஸ்" என்றுதான் இருக்கும். வேலையை விட்டுப் போனவருக்கும் பாஸ்வேர்ட் தெரியும். அதை யார் மாற்றுகிறார்கள்?

தனித்தனி அக்கவுண்ட் என்றால் செலவு கூடுமே என்பார்கள். கூடாது. நிர்வாகப் பணிக்கென்று விண்டோஸ் சர்வர் இரண்டு செஷன்களை அனுமதிக்கிறது. அன்றாட வேலைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது ஆளுக்கு ஒன்று அல்லது கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று கணக்கிடப்படுகிறது. அக்கவுண்ட் பெயரை வைத்து அல்ல. நான்கு பேர் ஒரே பெயரில் நுழைந்தாலும் நான்கு பேர்தான்.

வீட்டு விண்டோஸ் 11 கதை வேறு. ஹோம் பதிப்பிலிருந்து சர்வருக்குப் போகலாம். அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் யாரும் வர முடியாது. புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இதை மீறச் சில புரோகிராம்கள் இணையத்தில் கிடைக்கின்றன. லைசென்ஸ் விதிக்குப் புறம்பானவை. ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தாலே நின்றுவிடக் கூடியவை. வேண்டாம்.

இன்னொன்று. மேலே உள்ள எக்ஸ் பட்டனை அழுத்தினால் இணைப்புதான் போகும். செஷன் சர்வரில் ஓடிக் கொண்டே மெமரியைப் பிடித்துக் கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் சைன் அவுட் கிளிக் செய்திடுங்கள்.

பைல்கள் எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காகவே சிலர் பொது அக்கவுண்டை விட மறுக்கிறார்கள். அதற்குச் சர்வரில் ஒரு ஷேர்டு போல்டர் போதும். யூசர்களை ஒரு குரூப்பில் சேர்த்து, அந்த குரூப்புக்குப் பெர்மிஷன் கொடுத்தால் முடிந்தது. சர்வரைப் பார்த்துக் கொள்பவருக்கு இது சில நிமிட வேலைதான், கேட்டுப் பாருங்கள்.