மனனமான இலக்கங்களும் மறந்துபோன தலீலும்

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் எல்லா வட்டங்களுக்கும் ஒன்றே. தேநீர்க் கோப்பையின் விளிம்பாயினும், பள்ளிவாசல் குவிமாடத்தின் அடிவட்டமாயினும் அது மாறுவதில்லை. அதனைப் 'பை' என்பர். 3.14159 எனத் தொடங்கும் அதன் இலக்கங்கள் முடிவதுமில்லை. ஓர் ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருவதுமில்லை. இத்தகைய எண்ணிடம் மனித உள்ளம் மயங்குவதில் வியப்பில்லை. அம்மயக்கம் நம்மை எங்கே கொண்டு செல்கிறது என்பதே கேள்வி.

இன்று அது நம்மை மேடைக்குக் கொண்டு செல்கிறது. 2015 மார்ச்சில் வேலூரில் ஒரு மாணவர் கண்களைக் கட்டிக்கொண்டு, ஏறத்தாழப் 10 மணி நேரம், இவ்வெண்ணின் 70,000 இலக்கங்களை ஒப்பித்து உலகச் சாதனை படைத்தார். அவருடைய உழைப்பை நாம் குறை கூறோம். ஆனால் நம் பிள்ளைகளையும் ஆண்டு விழாவில் நிறுத்தி, 100 இலக்கங்களை ஒப்பிக்கச் செய்து, கைதட்டி மகிழ்ந்து வீடு திரும்புகிறோமே, அதனைத்தான் குறை கூறுகிறோம். "அவ்வெண் ஏன் 3-ஐவிடப் பெரிது?" என்று அப்பிள்ளையை யாரேனும் கேட்டதுண்டா?

"ஹாபிழ்களை உருவாக்கும் சமுதாயமா மனனத்தைப் பழிப்பது?" என்று சிலர் சினக்கக்கூடும். மனனத்தின் அருமையை அறியாதவர் அல்லர் நாம், அதிலேயே வளர்ந்தவர்கள். ஓதப்படும் இறைவேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளுண்டு, ஓதுவதே வணக்கமுமாகும். பையின் இலக்க வரிசையோ வேதமன்று. அது ஒரு கணக்கின் விடை. விடையை ஒப்பித்துவிட்டுக் கணக்கைக் கைவிடுவது, சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைச் சேமிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு சாரார் பெருமை பேசுகின்றனர். "அல்காஷி எங்கள் முன்னோர், ஐரோப்பாவை முந்தியவர்" என மேடைதோறும் முழங்குகின்றனர். செய்தி உண்மையே. காஷான் நகரில் பிறந்த ஜம்ஷீத் அல்காஷி, 1424-இல் எழுதிய 'அர்ரிஸாலத்துல் முஹீத்தியா'வில் பையை 16 தசம இலக்கங்கள் வரை சரியாகக் கணித்தார். அதனை விஞ்ச 1596 வரை எவராலும் இயலவில்லை. ஆனால் அவர் அதனை எவ்வாறு கணித்தார் என்று முழங்குவோரைக் கேளுங்கள். மேடை மௌனமாகிவிடும்.

அவர் முதலில் தம் தேவையை வரையறுத்தார். பூமியின் விட்டத்தைப்போல் 6 இலட்சம் மடங்கு விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டாலும், சுற்றளவில் நேரும் பிழை ஒரு மயிரிழையின் பருமனைத் தாண்டலாகாது என்பது அவர் விதித்துக்கொண்ட வரம்பு. பின்னர் வட்டத்துள் மூன்று பக்கமுள்ள உருவத்தில் தொடங்கிப் பக்கங்களை 28 முறை இரட்டிப்பதாகக் கொண்டு, 80,53,06,368 பக்கங்கள் வரை கையாலேயே கணக்கிட்டார். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன. இன்று கோள்களுக்கு விண்கலம் செலுத்தும் அமெரிக்க விண்வெளி ஆய்வாளர்களும் தம் நுட்பமான கணக்குகளுக்கு 15 தசம இலக்கங்களே போதும் என்கின்றனர். 2022-இல் கணிப்பொறி 100 இலட்சம் கோடி இலக்கங்களைக் கண்டது. அது பொறியின் ஆற்றலுக்குச் சான்று. அல்காஷியின் 16 இலக்கங்களோ சிந்தனையின் ஆற்றலுக்குச் சான்று.

நம் பிள்ளைகளின் நிலையைப் பாருங்கள். பை என்பது 22/7 என்று ஒரு வகுப்பில் எழுதுகின்றனர். பையை எந்தப் பின்னமாகவும் எழுத இயலாது என்று மற்றொரு வகுப்பில் எழுதுகின்றனர். இரண்டுக்கும் மதிப்பெண் பெறுகின்றனர். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை எவரும் அவர்களுக்கு உணர்த்துவதில்லை. 1761-இல் லாம்பர்ட் என்னும் அறிஞர் பை பின்னமாகாது என்று நிறுவினார். அதற்கும் 900 ஆண்டுகளுக்கு முன்பே குவாரிஸ்மி, தம் அல்ஜப்ர் நூலில் மூன்றேழில் ஒன்றைப் பற்றிக் கூறும்போது, அது மக்களிடையே வழங்கும் வழக்கேயன்றி நிறுவப்பட்ட முடிவன்று என உணர்த்திச் சென்றார். தண்ணீர்த் தொட்டி கட்டுவோர்க்கு 22/7 போதும். அதனைப் பையே என்று நம்புவதுதான் பிழை. ஒளூவின் சிறு மஸ்அலாவுக்கும் தலீல் எங்கே என்று கேட்கும் நாம், கணக்கில் மட்டும் தலீலைக் கேளாமல் தலையசைப்பது எந்த நியாயம்?

பெற்றோர்களே, இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கவராயத்தால் ஒரு வட்டம் வரையச் செய்யுங்கள். அதே அகலத்தை மாற்றாமல் சுற்றிலும் குறித்து வந்தால் சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய இடம் வந்துவிடும். அவ்வாறு ஆரங்களின் நீளம் மூன்று விட்டங்கள். புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டைவிட வளைந்த வில் நீளமானது. ஆகவே சுற்றளவு மூன்று விட்டத்தைவிட மிகுதி. வட்டத்தை ஒரு சதுரத்துள் அடக்குங்கள். சதுரத்தின் சுற்று நான்கு விட்டம். ஆகவே வட்டத்தின் சுற்றளவு நான்கைவிடக் குறைவு. அரைமணி நேரத்தில் பிள்ளை, தன் கையாலேயே, 3-க்கும் 4-க்கும் இடையே பையைச் சிறைப்படுத்திவிடும். கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்களால் அச்சிறையைக் குறுக்கினார். அல்காஷி 80 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களால் குறுக்கினார். வழி ஒன்றே.

முன்னோரின் பெயரை முழங்குவது எளிது. அவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்பது கடினம். அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளை 100 இலக்கங்களை மறந்து நிற்கட்டும்; ஒரு கவராயத்தைக் கையிலேந்தி, "ஏனெனில்" என்னும் ஒரு சொல்லோடு பேசத் தொடங்கட்டும். நம் கைதட்டல் அதற்காகக் காத்திருக்கட்டும்.