கரை சேருமுன் காண வேண்டும்

2025 மே 25-ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் அரபிக் கடலில் மூழ்கிய சில தினங்களுக்குள், ஜவ்வரிசி போன்ற வெண்மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் அலையோடு அலையாக வந்து ஒதுங்கியதையும், தொண்டர்கள் அவற்றை மணலோடு வாரிச் சல்லடையிலிட்டுச் சலித்துச் சாக்குகளில் கட்டியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் சாமான்களுக்குக் கச்சாப் பொருளான அம்மணிகள், கரையேறிய பிறகே நம் கண்ணில் பட்டன என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

கடலினுள் நோக்கும் சாதனம் இல்லாமற் போகவில்லை. விமானத்திலிருந்து பச்சை நிற லேசர் கிரணத்தை விட்டு விட்டுச் செலுத்தினால், ஒரு பகுதி நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்ப, மற்றொரு பகுதி உள்ளே இறங்கி, அங்கே மிதக்கும் பொருளில் மோதி, க்ஷணத்தில் மிகச் சிறு கூறு தாமதித்து மீள்கிறது. அத்தாமதமே பொருள் கிடக்கும் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. 2016-இல் கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் இடைப்பட்ட குப்பைப் பிரதேசத்தின் மீது இக்கருவியும் காமிராக்களும் தாங்கிய விமானம் பறந்தது. கப்பல்கள் இழுத்த வலையில் அகப்படாத பெரும் பொருள்களையும் வானிலிருந்து எண்ணிச் சேர்த்து 2018-இல் வெளியான ஆய்வு, அங்கே சுமார் 79,000 டன் பிளாஸ்டிக் மிதப்பதாகவும், அதில் ஏறக்குறையப் பாதி மீன்பிடி வலைகளே என்றும் கணித்தது.

இம்முறை பூரணமானதென்று நாம் வாதிக்கவில்லை. தனித்த மணியொன்றை விமானத்திலிருந்து இனங்காண்பது இன்று சாத்தியமன்று. கலங்கிய நீரில் கிரணம் ஆழச் செல்வதுமில்லை. ஆயினும், பட்ட ஒளி நிறம் மாறித் திரும்பும் விதத்தைக் கொண்டு பிளாஸ்டிக்கின் வகையையே அறியும் முயற்சி ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகிறது. அதற்கு ஆதாரமானது, கடலின் நீலத்தைக் கண்டு வியந்து ஆராயப் புகுந்த நம் திருச்சிராப்பள்ளி ராமன் 1928-இல் கண்ட விளைவே என்பதை எண்ணும்போது, இத்துறையில் நாம் பின்தங்கி நிற்பது தகாது.

ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம், மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு நாள்தோறும் அறிவித்து வருகிறது. கடலோரக் காவற்படை விமானங்களில் லேசர் கருவியைப் பொருத்தி, படகின் விசிறியில் சிக்கி இயந்திரத்தையே நிறுத்திவிடும் அநாதை வலைகள் கிடக்கும் இடங்களையும் அவ்வறிவிப்போடு சேர்த்துத் தர மத்திய சர்க்கார் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். எல்சா விபத்துக்காகக் கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கோரி உயர் நீதிமன்றம் சென்றிருக்கிறது. இத்தகைய வழக்குகளில் கரையில் கட்டிய சாக்குகளோடு, கடலில் எது எங்கே எவ்வளவு பரவியது என்ற அளவையும் சாட்சியாக வைக்க நம்மால் இயல வேண்டும்.