பழைய புல்லட் வாங்குகிறீர்களா?

கண்ணமங்கலத்துக்காரர்கள் ஜவ்வாது மலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் உதவும். சீட்டுப் பணத்தில் பழைய புல்லட் வாங்கலாம், தவறில்லை. 1955 முதல் சென்னையில் உருவான வண்டி அது. உதிரிப் பாகமும் கிடைக்கும்.

ஆனால் பெயின்ட் பளபளப்பில் மயங்கவேண்டாம்! முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? நீங்கள் வருமுன்பே உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறார்கள்! ஆறியபின் கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். 15 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கவேண்டும். இல்லையேல் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் விட்டால் முதல் வேலை பிரேக், அடுத்து டயர். மலை இறக்கத்தில் பெயின்ட் வண்டியை நிறுத்தாது! பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.