கைராசிக்காரர் வந்துவிட்டார்

2012 நவம்பர் கடைசியில் பிரேசில் கால்பந்து சம்மேளனம் இரண்டு பெயர்களை அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளராக லூயிஸ் பெலிப்பே ஸ்கொலாரி, 2002இல் உலகக் கோப்பையை வென்று தந்தவர். அவருக்குத் துணையாக, ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பெரைரா, 1994இல் வென்று தந்தவர். சொந்த மண்ணில் உலகக் கோப்பை தொடங்க ஒன்றரை ஆண்டுதான் பாக்கி. கோப்பை தூக்கிய இரண்டு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்தாயிற்று, இனி என்ன கவலை?

அந்த அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் ஸ்கொலாரி பல்மெய்ராஸ் கிளப்பை விட்டு விலகியிருந்தார். அணி அப்போது பட்டியலின் அடியில் கிடந்தது. பருவம் முடிந்தபோது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியும் போனது. அதே ஆண்டில் அவர்களுக்குப் பிரேசில் கோப்பையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் செல்சி கிளப் 2009இல் அவரைப் பாதிப் பருவத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பிறகு உஸ்பெகிஸ்தானில் ஒரு கிளப். வேறொருவரின் விண்ணப்பத்தில் இவ்வளவும் இருந்தால் தேசிய அணியின் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். இவருக்கு எல்லாம் மன்னிக்கப்பட்டது. யோக்கோஹாமாவில் ஜெர்மனியை வீழ்த்திய அந்த ஓர் இரவு எல்லாவற்றுக்கும் ஈடாகிவிட்டது.

ஒரு காலத்தில் ஜெயித்தவர் திரும்பி வந்தால் ஜெயிப்பும் அவரோடு திரும்பி வரும் என்ற நம்பிக்கை கால்பந்து உலகம் முழுக்க இருக்கிறது. ஐரோப்பாவின் கோடீஸ்வரக் கிளப்புகள் வீரர் ஓடும் தூரத்தை மீட்டர் கணக்கில் அளக்கின்றன, சாப்பாட்டைக் கிராம் கணக்கில் நிறுக்கின்றன. நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், எல்லாக் கணக்கையும் மூடி வைத்துவிட்டுக் கைராசிக்காரரைத் தேடிக் கிளம்பிவிடுகின்றன. இது வெறும் பாசம், இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் இருக்கிறது. யாருடைய தவறு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் தெரியும்.

முதலில் பிரேசில் கதையை முடித்துவிடுவோம். 2013 கான்பெடரேஷன்ஸ் கோப்பையில் ஸ்கொலாரியின் அணி ஐந்து ஆட்டத்திலும் வென்றது. மரக்கானா மைதானத்தில் நடந்த இறுதியில் உலக சாம்பியனான ஸ்பெயினை 3-0 என்று புரட்டிப் போட்டது. அவ்வளவுதான், சந்தேகப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினோரு பேர் யாரோ, அதே பதினோரு பேர்தான் ஓராண்டு கழித்து, 2014 ஜூன் 12 அன்று, உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலும் குரோஷியாவுக்கு எதிராக இறங்கினார்கள். ஒருவர்கூட மாறவில்லை. ஓராண்டில் சிலருடைய ஆட்டம் மங்கியிருந்தது, எதிரணிகள் இந்த அணியைப் படித்து முடித்திருந்தன. மெக்சிகோவுடன் கோலே இல்லாமல் சமன். சிலியுடன் பெனால்டியில் தப்பித்தார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் பினீயா அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஜெர்மனியுடன் அரையிறுதி, ஜூலை 8, பெலோ ஒரிசோண்டே. நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. நெய்மார் முதுகெலும்பு முறிந்து படுக்கையில், கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டையால் வெளியே. தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையைக் கையில் ஏந்தி நின்றார்கள். ஜெர்மனியின் நடுக்களத்தில் குரூஸ், கெதீரா, ஷ்வைன்ஸ்டைகர் என்று மூன்று பேர். அந்த இடத்தில் இன்னொரு ஆளைப் போட்டுக் கதவை அடைத்திருக்கலாம். ஸ்கொலாரி நெய்மாருக்குப் பதிலாகப் பெர்னார்டு என்ற சிறு உருவ விங்கரை இறக்கினார். அந்த ஊர்க் கிளப்பில் வளர்ந்த பையன், கூட்டம் கொண்டாடும். கூட்டம் கொண்டாடத்தான் செய்தது, பத்து நிமிடம். 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல். அதில் ஒன்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: பந்தை மறுபடி மையத்தில் வைத்து ஆரம்பித்த சில நொடிகளில் பெர்னாண்டினோவின் காலிலிருந்து குரூஸ் அதைப் பறிக்கிறார், கெதீராவிடம் தட்டுகிறார், திரும்ப வாங்கி வலைக்குள் தள்ளுகிறார். தடுக்க அங்கே ஆளே இல்லை. கடைசியில் 7-1.

மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் பயிற்சியாளர் குழு வந்து உட்கார்ந்தது. பெரைரா ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். ஒரு ரசிகை ஆறுதல் சொல்லி, பாராட்டி அனுப்பியதாம். ஏழு கோல் வாங்கியதற்கு விளக்கம் கேட்டவர்களுக்கு ரசிகர் கடிதம்! பிரேசிலில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இனி 2002க்குப் போவோம், ஏனென்றால் உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது. அன்று ஸ்கொலாரி கைராசிக்காரர் அல்ல. தகுதிச் சுற்றிலேயே தடுமாறிக்கொண்டிருந்த அணியை 2001இல் கையில் எடுத்தவர். 1994இன் நாயகன் ரொமாரியோவைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நாடே கூச்சல் போட்டது. ஸ்கொலாரி சேர்க்கவில்லை. பழைய பெருமைக்குத் தலைவணங்க மறுத்த அந்தத் துணிச்சலால்தான் அவர் பெரிய மனிதர் ஆனார். அதே மனிதரைப் பத்தாண்டு கழித்துப் பழைய பெருமையின் பேரிலேயே கூட்டிவந்தால், அவரும் பழைய அணியை மாற்ற மனம் வராமல் உட்கார்ந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

இத்தாலியின் மார்செல்லோ லிப்பி இதை இன்னும் பச்சையாகக் காட்டினார். 2006இல் பெர்லினில் கோப்பையை வென்றதும் விலகினார், 2008இல் அழைப்பின் பேரில் திரும்பினார். 2010இல் தென்னாப்பிரிக்காவுக்கு அவர் கூட்டிப்போனவர்களில் ஒன்பது பேர் 2006 சாம்பியன்கள். கேப்டன் கன்னவாரோவுக்கு வயது 36. கசானோவுக்கும் பாலோடெல்லிக்கும் இடமில்லை. பராகுவேயோடு சமன், நியூசிலாந்தோடு சமன், ஸ்லோவாக்கியாவிடம் 3-2 தோல்வி. குழுவில் கடைசி இடம். விசென்டே ஃபெயோலா 1958இல் பிரேசிலுக்கு முதல் கோப்பை வாங்கித் தந்தவர். 1966இல் மறுபடி அவரே பொறுப்பில் இருந்தபோது கில்மார், பெல்லினி, ஜல்மா சாண்டோஸ், கரிஞ்சா என்று 58இன் ஆட்களே இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். ஹங்கேரியிடமும் போர்ச்சுகலிடமும் 3-1 என்று தோற்று முதல் சுற்றிலேயே ஊர் திரும்பினார்கள். பயிற்சியாளராக இரண்டு உலகக் கோப்பை வென்றவர் என்று 2022 வரைக்கும் வரலாற்றில் ஒரே பெயர்தான்: இத்தாலியின் விட்டோரியோ பொஸ்ஸோ, 1934, 1938. அவர் ஜெயித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர் அல்ல, இரண்டு கோப்பைக்கும் இடையில் விலகாமல் அணியைக் கட்டிக்கொண்டே இருந்தவர்.

கிளப் கால்பந்தில் இந்த நோய்க்கு மிலானைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அரிகோ சாக்கி 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை வென்று தந்தவர். 1996 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், நார்வேயின் ரோசன்போர்க்கிடம் தோற்றுச் சாம்பியன்ஸ் லீக்கை விட்டு வெளியேறினார்கள். பருவ முடிவில் பதினோராவது இடம். சரி, இவர் இல்லையென்றால் அவர் என்று, ஐந்து ஆண்டில் நான்கு லீக் பட்டம் வென்ற ஃபாபியோ கபெல்லோவைக் கூட்டிவந்தார்கள். பத்தாவது இடம். இரண்டு ஜாம்பவான்களும் கைவிட்ட பிறகு, உதினேசே கிளப்பிலிருந்து ஆல்பர்ட்டோ ஸாக்கெரோனி வந்தார். மிலானில் அவருக்குப் பழங்கதை எதுவும் கிடையாது. 1999இல் முதல் பருவத்திலேயே லீக் பட்டம்.

2024இல் 'கில்லி' படம் மறுவெளியீடானபோது தியேட்டர் அதிர்ந்தது நினைவிருக்கும். அங்கே திரையில் வில்லன் முத்துப்பாண்டி இருபது வருடம் முன்பு வாங்கிய அதே அடியை அதே இடத்தில் வாங்குவார். கால்பந்தில் முத்துப்பாண்டி இந்த இருபது வருடமும் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருப்பார்.

திரும்பி வந்து ஜெயித்த யுப் ஹைன்கெஸ் என்னவானார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2017 அக்டோபரில் பாயர்ன் மியூனிக் 72 வயதில் அவரை ஓய்விலிருந்து அழைத்தது. டார்ட்மண்டுக்கு ஐந்து புள்ளி பின்னால் இருந்த அணி, 21 புள்ளி முன்னணியில் பட்டம் வென்றது. ஆனால் அது வரிசையாக ஐந்து பட்டம் வென்று வந்த அணி. ரிபெரி, ராபன், முல்லர் எல்லோரும் 2013இல் அவருடன் மூன்று கோப்பை தூக்கியவர்கள், இன்னும் அங்கேயே இருந்தார்கள். வேலை அந்தப் பருவம் முடியும்வரை மட்டும். கிளப் கெஞ்சியும் அவர் நீட்டிக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர். அவர் வந்ததே கார்லோ அன்செலோட்டியை அனுப்பிவிட்டு. அதே அன்செலோட்டி 2021இல் ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பி 2022லும் 2024லும் சாம்பியன்ஸ் லீக் வென்றாரே என்றால், அவர் வருடக்கணக்கில் ஓய்வெடுத்துக் கிடக்கவில்லை. மியூனிக், நேப்பிள்ஸ், எவர்டன் என்று தோல்வியும் வெற்றியுமாக வேலை செய்துகொண்டே இருந்தார். எவர்டனைப் பத்தாவது இடத்தில் விட்டுவிட்டு வந்தவரை ரட்சகர் என்று யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. அதுவே அவருக்கு நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. ஒரு பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி அடிமட்டத்துக்குப் போன பிறகு. அடிமட்டத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மேலேதான். புதிதாக வருகிறவர் சும்மா கைகட்டி நின்றாலும் முதல் சில ஆட்டங்களில் முன்னேற்றம் தெரியும். அந்த முன்னேற்றத்தைப் பழைய நாயகனின் மந்திரம் என்று எழுதிவிடுகிறோம். லிவர்பூல் அப்படித்தான் ஏமாந்தது. 1990இல் அதுவரையான தன் கடைசி லீக் பட்டத்தை வென்று தந்த கென்னி டால்கிளிஷை, பத்தாண்டுக்கு மேல் எந்த அணியையும் நடத்தாதவரை, 2011 ஜனவரியில் தற்காலிகமாக அழைத்தது. நாலைந்து மாதம் நன்றாகப் போனதும் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த பருவத்தில் எட்டாவது இடம். லீக் கோப்பையை வென்றிருந்தும் 2012 மே மாதம் அவரை நீக்கினார்கள். தங்கள் தெய்வத்தைத் தாங்களே வேலையைவிட்டு அனுப்பிய சங்கடம் அந்த ஊருக்கு. முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2020இல் பட்டம் வந்தபோது பொறுப்பில் இருந்தவர் யுர்கென் குளோப், வெளி ஆள்.

இத்தனை முறை பொய்த்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? நிர்வாகிகளுக்கு அது தேவைப்படுகிறது. புதியவர் ஒருவரைக் கொண்டுவந்து தோற்றால், ‘இவரை யார் தேர்ந்தெடுத்தது?’ என்று கேள்வி வரும். சரித்திர நாயகனைக் கொண்டுவந்து தோற்றால் அந்தக் கேள்வி வராது. ‘அவராலேயே முடியவில்லையே’ என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஸ்கொலாரியை நியமித்த சம்மேளனத் தலைவர் ஜோசே மரியா மரின், ஊழல் புகார்களுக்கு நடுவே விலகிய முந்தைய தலைவரின் இடத்துக்கு 2012இல் வந்தவர். 7-1 தோல்விக்குப் பின் ஆறு நாளில் ஸ்கொலாரி போய்விட்டார். மரின் தன் பதவிக்காலம் முடியும்வரை, 2015 ஏப்ரல்வரை, நாற்காலியில் இருந்தார். அடுத்த மாதம் ஸூரிக்கில் கைதானார். 2018இல் நியூயார்க் நீதிமன்றம் லஞ்ச வழக்கில் நான்கு ஆண்டு சிறை விதித்தது. அந்த நாற்காலிக்கு ஒன்றரை ஆண்டு காவல் காத்தது ஒரு பயிற்சியாளரின் நல்ல பெயர்.

அந்தத் தோல்விக்குப் பிறகாவது புத்தி வந்ததா? பழைய குருடி கதவைத் திறடி என்று, 2010இல் காலிறுதியில் தோற்று நீக்கப்பட்ட துங்காவையே மறுபடி கூப்பிட்டார்கள். 2016 கோப்பா அமெரிக்காவில் பெருவிடம் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியபின் அவரும் போனார். ஜெர்மனியும் 2000 ஐரோப்பியக் கோப்பையில் குழுவின் கடைசி இடத்தில் அவமானப்பட்டதுதான், அதுவும் ஓய்விலிருந்து அழைத்துவந்த எரிக் ரிப்பெக்கின் கீழ். பிறகு அவர்கள் தொழில்முறைக் கிளப் ஒவ்வொன்றும் சிறுவர் பயிற்சிக்கூடம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். 2014இல் கோப்பையைத் தூக்கியது அந்தக் கூடங்களில் வளர்ந்த பையன்கள்.

இனி ஏதோ ஒரு கிளப் தன் பழைய நாயகனுக்கு மாலை போட்டுக் கூட்டிவரும் படம் உங்கள் கைப்பேசியில் வரும்போது, அவருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். போன மூன்று பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தது யார், சிறுவர் அணிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். கோப்பை வாங்கிக் கொடுத்த கிழவரை அவர் வீட்டில் நிம்மதியாக இருக்க விடுங்கள்.